தென்கிழக்கு மூலையில் ஒரு கடல்

குழாய் ஒட்டிய பசை நன்றாகக் காய ஒரு முழு நாள் வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. தண்ணீர் விடுவதற்கான நல்ல நேரம் இன்னும் அரை மணியில் முடியப் போகிறது என்று மனைவி யூக்-லின் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பூன் சி-கேங், கையில் ஹோஸ் பைப்புடன் ஹாலின் மூலையில் குந்தியிருந்தார்.

"நாளைக்கு விட்டா என்ன யூக்-லின்?"

"நாளைக்கு நாள் சரியில்ல. நாளன்னைக்கு உங்க ராசிக்கு ஆகாது. அப்புறம் பேய் மாசம் பொறந்துடும், எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாது. யிப் ஜோசியர் குறிச்சுக் குடுத்ததெல்லாம் விளையாட்டுக்கா?"

யிப் ஜோசியரைப் பகைத்துக்கொள்ள பூனால் முடியாது. இந்த மீன் தொட்டி வீட்டுக்குள் வந்ததே அவர் தயவில்தான். மோங் கோக் பகுதியில் வளர்ப்பு மீன்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், சனிக்கிழமை தவறாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது பூனின் வழக்கம். நீல வெளிச்சத்தில் பவளங்கள் விரல்களை நீட்டி மடக்குவதைப் பார்த்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டிலோ செருப்பு வைக்கவே இடம் தேட வேண்டும். எத்தனை முறை கேட்டும் யூக்-லின் மசியவில்லை. பிறகு யிப் ஜோசியர் திசைகாட்டியுடன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, "தென்கிழக்கு மூலை வறண்டு கிடக்கு. அங்க தண்ணி ஓடினா செல்வம் ஓடி வரும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், அன்று மாலையே யூக்-லின் மூலையிலிருந்த தையல் மிஷினைத் தூக்கிப் படுக்கையறையில் போட்டுவிட்டாள்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு சொட்டு கீழ் வீட்டுக்குப் போச்சுன்னு வைங்க, அன்னிக்கே தொட்டி வெளிய போயிடும். சாங் அக்காகிட்டப் பேச்சு வாங்க என்னால ஆகாது."

அதில் நியாயம் இருந்தது. அவர்களுக்கு நேர் கீழே, ஆறாம் மாடியில் இருக்கும் சாங் அம்மையார் சாதாரண ஆள் இல்லை. எட்டாம் மாடி ஏசியிலிருந்து தன் கொடித் துணியில் தண்ணீர் சொட்டியது என்பதற்காக அந்தக் குடும்பத்தை இரண்டு கோடைகாலம் ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டவர். கடைசியில் அவர்கள் ஏசியைக் கழற்றிவிட்டு மின்விசிறியுடன் வாழப் பழகிக்கொண்டார்கள். இப்போதும் லிஃப்டில் சாங் அம்மையார் ஏறினால் அவர்கள் இறங்கிவிடுவார்கள்.

பூன் பெருமூச்சு விட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்தார்.

அந்தத் தொட்டியின் வித்தை மிகவும் சுலபம். மேல் தொட்டியின் ஓரத்தில் உள்ள துளை வழியாகத் தண்ணீர் குழாயில் இறங்கி, அலமாரிக்குள் மறைந்திருக்கும் கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கே சுத்தமாகும். ஒரு மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். மேலே இருப்பது கீழே வர வேண்டும், கீழே வந்தது மேலே போக வேண்டும், நடுவில் எங்கேயும் தரையைப் பார்க்கக் கூடாது.

நல்ல நேரத்திற்குள் மோட்டார் ஓடியது. யூக்-லின் கைகூப்பினாள். பத்து நிமிடம் கழித்து, இறங்கும் குழாய் வளையும் எல்போவில் ஒரு முத்து துளிர்த்துத் தரையைப் பார்த்தது.

"என்னது அது?" என்றாள் யூக்-லின்.

"வேர்க்குது. புதுக் குழாய் அப்படித்தான் வேர்க்கும்" என்றார் பூன்.

தண்ணீரை வடித்துவிட்டு, எல்போவை அறுத்து, புதிதாக ஒட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பூன் அதைச் சொல்லியும் பார்த்தார்.

"செல்வத்துக்குன்னு ரொப்பின தண்ணிய, பேய் மாசம் பொறக்கப் போற நேரத்துல வாரி வெளிய கொட்டுவீங்களா? வேற வினையே வேண்டாம்!"

எனவே பூன் மாற்று வழி யோசித்தார். அவர் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவர். ஒரு வழித்தடத்தில் நெரிசல் என்றால் அதில் பஸ்ஸைக் குறைக்க வேண்டும் என்பது அவர் பாடம். அதன்படி இறங்கும் குழாயின் வால்வைப் பாதி மூடினார். சொட்டுவது நின்றது. ஆனால் இறங்கும் பஸ்ஸைக் குறைத்தவர், ஏறும் பஸ்ஸை மறந்துவிட்டார். மோட்டார் தன் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்க, மேல் தொட்டி விளிம்பு தட்டி, கண்ணாடி வழியாக அழகாக வழிந்தது.

துடைக்கப் போன பூன் குனிந்து பார்த்தார். வழிந்த தண்ணீர் தரையில் தேங்கவே இல்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் டைல்ஸ் ஓரமாக ஒரு கீறல் இருந்தது. தண்ணீர் அதுவரை போய், அங்கே சத்தமில்லாமல் காணாமல் போனது.

"பரவாயில்லையே, சீக்கிரமாத் துடைச்சுட்டீங்க" என்றாள் யூக்-லின் சமையலறையிலிருந்து.

"ஆமாமா" என்றார் பூன்.

மறுநாள் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, எல்போவுக்கு அடியில் ஒரு டிரே வைத்தார். வேலைக்குப் போகும்போது எதற்கு வம்பு என்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். நின்ற மோட்டாரின் குழாய் வழியாக மேல் தொட்டித் தண்ணீர் தானாகவே கீழே இறங்கிவிடும் என்பது சாயங்காலம் தெரிந்தது. கீழ்த்தொட்டி நிரம்பி, டிரே மிதந்து அலமாரிக் கதவை முட்டிக்கொண்டிருந்தது. தரை மட்டும் காய்ந்திருந்தது. தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு பயப்பட முடியும் என்பதை பூன் அன்று தெரிந்துகொண்டார்.

மீன்கடைக்காரர் குவானுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அது சின்ன விஷயம்ணே. ஏறுற குழாய்ல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு பொடித் துளை போடுங்க. மோட்டார் நின்னா காத்து புடிச்சுக்கும், தண்ணி இறங்காது."

பூன் துளை போட்டார். ஆனால் மட்டத்துக்குக் கீழே போடாமல் மேலே போட்டுவிட்டார். மோட்டாரைப் போட்டதும் அந்தப் பொடித் துளையிலிருந்து உப்புத்தண்ணீர் பீய்ச்சி, காலையில்தான் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்த புது நீல விளக்கின் மேல் நேராக அடித்தது. பட்டென்று பிரேக்கர் விழுந்தது. விளக்கு போனது, ஏசி போனது, மோட்டாரும் நின்றது. இருட்டில் மேலே மிஞ்சிய தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும் களகளவென்று கேட்டது.

"வேர்க்குதா?" என்று கேட்டாள் யூக்-லின்.

ஆனாலும் பூன் விடவில்லை. துளையை அடைத்து வேறு துளை போட்டார். விளக்கை இன்னும் உயரத்தில் கட்டினார். டிரேக்குள் துண்டை மடித்துப் போட்டார். சில வாரங்களில் தண்ணீர் பக்குவமானது. பவளத் துண்டுகளும் இரண்டு கோமாளி மீன்களும் வந்தன. வந்த அன்று யூக்-லின் எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில வைக்கக்கூட ஆகாது, இதுக்கு இந்த விலையா?" என்றாள். ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். பவளங்கள் விரிவதைப் பார்த்து அவள் சாப்பிட மறந்தபோது, பூன் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல முதன்முதலாக ஒன்று இருந்தது, அது அவளுக்கும் பிடித்திருந்தது. இதை மட்டும் இழக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

டிரேத் துண்டு மட்டும் காயவே இல்லை. எத்தனை முறை பிழிந்து போட்டாலும், ஓரத்தில் கொஞ்சம் கசிந்து கீறல் பக்கமாகவே போனது.

ஒருநாள் லிஃப்ட் ஆறாம் மாடியில் நின்றது. சாங் அம்மையார் ஏறினார். பூன் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூன் தம்பி, வீட்ல மீன் தொட்டி வெச்சிருக்கீங்களாமே?"

"சின்னதுக்கா. ரொம்பச் சின்னது."

"ஹால்லயா? தென்கிழக்கு மூலையிலயா?"

"இல்லக்கா, அது... சமையல்கட்டுல."

"சமையல்கட்டுலயா?" அம்மையார் முகம் ஒரு மாதிரி ஆனது. "எவ்வளவு தண்ணி புடிக்கும்?"

"ஒரு வாளி இருக்கும்க்கா. அதுவும் குறைச்சுக்கிட்டே வர்றேன்."

"ஐயய்யோ, எதுக்குக் குறைக்கிறீங்க?"

இப்படிக் குத்திப் பேசுகிறவரோடு ஒரே லிஃப்டில் நிற்க முடியுமா? மூன்றாம் மாடியிலேயே இறங்கி, மிச்சத்தைப் படியில் ஓடிக் கடந்தார் பூன்.

அன்று சாயங்காலம் சாங் அம்மையார் வீட்டிலிருந்து ஒரு பை ஆரஞ்சு வந்தது. யூக்-லின் அதைக் கையில் வாங்கியபடியே சிலையாக நின்றாள்.

"எட்டாம் மாடிக்காரங்களுக்கும் மொதல்ல ஆரஞ்சுதாங்க வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வக்கீல் கடுதாசி. உள்ளதைச் சொல்லுங்க. தண்ணி கீழ போகுதா?"

"துண்டு போட்டிருக்கேன் யூக்-லின்."

"நான் துண்டைப் பத்திக் கேக்கல."

பூன் ஆரஞ்சைப் பார்த்தார். ஒவ்வொன்றும் இலையோடு இருந்தது, நல்ல சாதி ஆரஞ்சு. பெரிய வழக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

பதிலுக்கு ஒரு டப்பா பாதாம் பிஸ்கட் அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக அடுத்த வாரம் கீழிருந்து அரை வாத்து ரோஸ்ட் வந்தது. தோல் மொறுமொறுப்பாக, பிளம் சாஸோடு வந்தது. இருவரும் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, ஆறினால் நன்றாக இருக்காது என்று சாப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை, பூன் வாசலில் காவலாளி ஹோய் அண்ணனிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். ஹோய் அண்ணன் ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆறாம் மாடியிலேர்ந்து புகார் ஏதாச்சும் வந்துச்சா?"

"சாங் மேடமா? இப்பல்லாம் புகாரே கிடையாது சார். ஆளே மாறிட்டாங்க. நேத்து எனக்கு முட்டை டார்ட் வாங்கிக் குடுத்துட்டுப் போறாங்கன்னா பாத்துக்கங்களேன்!"

பூன் வந்த வழியே திரும்பி மாடி ஏறினார். வீட்டுக்கு வந்து சொன்னார், "யூக்-லின், அந்தம்மா சாட்சி சேர்க்குது."

அன்று இரவுச் சாப்பாட்டை இருவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். கோமாளி மீன்கள் பவளத்துக்குள் புகுந்து புகுந்து வந்தன. யூக்-லின்தான் முதலில் பேசினாள்.

"செல்வம் போனாப் போகுது. மானம் போகக் கூடாது. இந்த வயசுல நாம லிஃப்டை விட்டுப் படியில ஏறி இறங்க முடியாது."

"இன்னும் ஒரு தடவை எல்போவை மாத்திப் பாக்கவா?"

யூக்-லின் கண்ணாடியில் விரலை வைத்தாள். இரண்டு மீன்களும் விரலிடம் வந்தன. பூன் எழுந்து போய் குவானுக்குப் போன் செய்தார்.

குவான் ஆட்களோடு வந்து மீன்களையும் பவளங்களையும் பைகளில் கட்டினார். "அண்ணே, இவ்வளவு நல்லா விரிஞ்சிருக்கு, பாவமா இல்லையா?" என்று கேட்டார். பூன் தண்ணீரை வாளி வாளியாகக் குளியலறையில் கொண்டுபோய்க் கொட்டினார். எங்கேயும் ஒரு சொட்டு சிந்தாமல், முதன்முதலாக, அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். தொட்டி போனது, அலமாரி போனது, நீல விளக்கும் போனது. டைல்ஸ் கீறலில் சிமெண்ட் வைத்துப் பூசினார். மூலையில் உப்புத் தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. யூக்-லின் தையல் மிஷினைத் திரும்பக் கொண்டுவந்து அதன் மேல் போட்டாள். ஆனால் அதில் உட்கார்ந்து தைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இரண்டடி நடந்து, பிறகு திரும்பி மேஜைக்கே வந்துவிடுவாள். பூன் அதைப் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

அந்த வாரக் கடைசியில் கதவு தட்டப்பட்டது. ஹோய் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடமாக நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பூன் சார். சாங் மேடம் அனுப்பினாங்க. ஒரு புகார்."

யூக்-லின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூன் நெஞ்சை நிமிர்த்தினார். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

"அண்ணே, தொட்டியையே எடுத்தாச்சுன்னு சொல்லுங்க. உள்ள வந்து பாத்துக்கங்க. இனிமே ஒரு சொட்டு கீழ வராது. இது சத்தியம்."

"அதான் சார் புகாரே" என்றார் ஹோய் அண்ணன். "அவங்க ஹால்ல தென்கிழக்கு மூலையில, மேலேர்ந்து செல்வம் சொட்டுதுன்னு யிப் ஜோசியர் சொல்லி, பீங்கான் கிண்ணம் வெச்சுப் புடிச்சுக்கிட்டிருந்தாங்க. இப்ப அது காய்ஞ்சு கிடக்கு, மாஜோங் ஆட்டத்துலயும் தொடர்ந்து தோக்குறாங்க. நீங்க எப்ப மறுபடி ஒழுக விடுவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."