மயில்கழுத்து நிறத்தில் இரண்டு

"மலை ஏறுவீங்களா?" என்று கேட்டான் கடையிலிருந்த தாடிக்காரன்.

"ட்ராம் ஏறுவேன்," என்றாள் வீப்கெ.

அவன் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே நாலைந்து ஜாக்கெட்டுகளைப் போட்டுக் கழற்றிவிட்டாள். ஒன்றைப் போட்டால் மீன்பிடிப் படகில் வலை இழுப்பவள் மாதிரி இருந்தது. இன்னொன்றில் கையை அசைத்தாலே பாலித்தீன் பையைக் கசக்கும் சத்தம். மூன்றாவது பனிமலைக்குப் போகிறவர்களுக்கானது. கடைக்குள் நடந்ததற்கே வேர்த்துவிட்டது.

"அப்ப இதைப் பாருங்க. சாஃப்ட்ஷெல். வெளிய காத்து புகாது, உள்ள மெத்துனு கதகதப்பா இருக்கும். தினம் வேலைக்குப் போட்டுட்டுப் போக இதுதான் சரி."

"மழை தாங்குமா?"

"தூறல் தாங்கும்."

"இது பிரேமன். இங்க எந்த மழை தூறலோட நின்னிருக்கு?"

"கொட்டற மழைக்கு வேற ஒண்ணு இருக்கு. அதை இதுக்கு மேல போட்டுக்கலாம்."

"அதுக்கு மேல?"

"வீட்டுக்குள்ள போயிடலாம்."

மயில்கழுத்து நிறம், மஞ்சள் ஜிப். கண்ணாடியில் பார்த்தபோது, தன் அலுவலகத்தில் பிறந்ததிலிருந்தே இருப்பவள் மாதிரித் தெரிந்தாள். அதற்காகத்தான் வாங்கினாள்.

வீப்கெ ஓன்கன் அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்தில் தண்ணீர்ச் சேதப் பிரிவில் வேலை. அடுத்தவர் வீட்டுக் குழாய் உடைந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணிப்பாள். இந்த மாதக் கடைசியில் புரொபேஷன் முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டியவர் பிரிவுத் தலைவர் ஹெர் லூர்ஸ்.

நேர்முகத் தேர்வுக்கு அம்மா வாங்கித் தந்த கம்பளிக் கோட்டைத்தான் இதுவரை போட்டு வந்தாள். அது நனைந்தால் நனைந்த நாயின் வாடை அடித்தது. எதிர் மேசை ஃபிராவ் டீட்யென் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய், நவம்பர் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தார். ஃபிராவ் டீட்யென்தான் ஊழியர் குழுவின் தலைவி. அந்த அலுவலகத்தில் காபி மெஷினை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்துவதற்குக்கூட அந்தக் குழுவைக் கேட்க வேண்டும். ஜன்னலைத் திறக்க அவர் யாரையும் கேட்கவில்லை.

வீப்கெக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவர்கள் குளிருக்கு என்ன போடுவார்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா கூரை ஓடு போடுகிறவர். அவர் வீட்டில் குளிருக்கு ஒரே பதில், தார் ஒட்டிய அவருடைய பழைய சட்டை.

திங்கட்கிழமை காலை, அலுவலகக் கொக்கியில் தன் புது ஜாக்கெட்டை மாட்டப் போனவள், அது ஏற்கெனவே அங்கே மாட்டியிருப்பதைப் பார்த்தாள்.

அதே மயில்கழுத்து. அதே மஞ்சள் ஜிப். அளவு மட்டும் பெரிது.

"ஓ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஹெர் லூர்ஸ். தாத்தாவாகிவிட்ட மனிதர், கழுத்திலிருந்து காது வரை சிவந்தார். "நல்ல... நல்ல ஜாக்கெட்."

"ஆமா," என்றாள் வீப்கெ. "ரொம்ப நல்ல ஜாக்கெட்."

அந்த ஊரில் ஒரே மாதிரி ஜாக்கெட்டில் இரண்டு பேர் வந்தால் அவர்கள் கணவன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை வேசர் ஆற்றங்கரைக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம்: ஒரே நிறம், ஒரே ஜிப், பேச விஷயம் தீர்ந்துபோன இரண்டு முகம். வீப்கெயின் அப்பாவும் அம்மாவும் தள்ளுபடிக் கடையில் வாங்கிய சிவப்பு ஜோடியில்தான் அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்கு வந்து நின்றார்கள். அன்று அவள் அவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.

மதியம் காபி அறைக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே பேச்சு கேட்டது.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆரம்பிச்சிருக்காங்க," என்றது டீட்யென் குரல்.

"அதான் பார்த்தேன்," என்றது ஹெர் க்யூக்கின் குரல். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாளே இருக்கும் அந்த மனிதர், இலவசமாகக் கிடைத்தால் நிறுவனத்தின் பேர் போட்ட குடையில் மூன்று வாங்கிக்கொள்வார்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சட்டப்படி இது தப்பு."

"அடுத்தது நம்மளையும் கேப்பாங்களோ?"

"கேட்டா நான் மாட்டேன்னு சொல்லிடுவேன். என் வயசுக்கு அதெல்லாம் ஒத்து வருமா?"

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றார் க்யூக். "இந்தக் குளிருக்குச் சுகமாத்தான் இருக்கும்."

வீப்கெ காபி குடிக்காமலே திரும்பினாள். முகம் எரிந்தது. ஒரு பெண் வேலையில் நிலைத்தால் அவளுக்கு மூளை இருக்கிறது என்று நம்ப இந்த ஆட்களுக்குச் சோம்பல். அதைவிட எளிதான காரணம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும்.

மறுநாள், யாரும் வருவதற்கு முன்பே போய் ஜாக்கெட்டை மேசை இழுப்பறையில் திணித்துவிடலாம் என்று இருட்டிலேயே கிளம்பினாள். அலுவலக வாசல் இன்னும் பூட்டியிருந்தது. விளக்கடியில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஆள், பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்க சீக்கிரம் வரமாட்டீங்களே," என்றார் ஹெர் லூர்ஸ், குற்றம் சாட்டுகிற மாதிரி.

"நீங்களும்தான்."

இருவரும் ஒரு தூணுக்கு ஒருவராக நின்றார்கள். கதவைத் திறக்கிற ஆளுக்கு முன்னால் ட்ராமிலிருந்து இறங்கி வந்தவர் க்யூக். வேறு எந்த நாளும் நேரத்துக்கு வராதவர். இருவரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"மோய்ன்," என்று வணக்கம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் வெளிய அறிவிக்கலையா?"

"அறிவிக்க ஒண்ணும் இல்ல," என்றாள் வீப்கெ.

"சரி, சரி. நான் எதையும் பார்க்கல."

சனிக்கிழமை முதல் வேலையாகக் கடைக்கு ஓடினாள்.

"ஏன், குளுருதா?" என்றான் தாடிக்காரன்.

"குளுரல. கலரை மாத்தணும்."

"இந்த மாடல்ல இனி ஒயின் சிவப்பு மட்டும்தான் மிச்சம்."

"மயில்கழுத்து இல்லாம எதுவா இருந்தாலும் குடுங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றான் அவன். யார் அந்த எல்லாரும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கொக்கியில் ஒயின் சிவப்பு ஒன்று மாட்டியிருந்தது. அளவு பெரிது.

அன்றைக்குக் காபி அறைக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. பேச்சு நடைவழிக்கே வந்துவிட்டது.

"போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் இன்னொண்ணு," என்றார் டீட்யென். "என்ன ட்ரையலா பார்க்கறாங்க?"

"ஏதாவது ஒண்ணுல நிக்கணும் இல்ல?" என்றார் க்யூக். "எனக்கு முதல்ல இருந்ததுதான் பிடிச்சுது."

வீப்கெ நேராகப் போய் ஹெர் லூர்ஸின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். அது முதல் தவறு. கண்ணாடிச் சுவர் வழியாக எல்லோரும் பார்க்கிறார்கள் என்று லூர்ஸ் திரையை இழுத்துவிட்டார். அது இரண்டாவது.

"ஹெர் லூர்ஸ், ஊர் பேசுது."

"தெரியும்," என்றார் அவர், மேசையைப் பார்த்து. "உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் நான் நிறத்தை மாத்தினேன்."

"நானும் அதுக்குத்தான் மாத்தினேன்."

"இனி நான் போடல. நீங்க போடுங்க."

"நீங்க போடுங்க. நான் போடல."

"அது நியாயம் இல்ல, ஃபிராவ் ஓன்கன். ஒருத்தர் மட்டும் ஏன் குளிர்ல சாகணும்?"

நெடுநேரம் வாதாடி, இரண்டு பேருமே போடுவதில்லை என்று முடிவுசெய்தார்கள். நியாயம் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது. வெளியே வரும்போது இருவர் முகமும் வாங்கிய ஜாக்கெட்டின் நிறத்தில் இருந்தது. தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது.

மறுநாள் பனி கலந்த மழை. லூர்ஸ் தன் பழைய குளிர்க்கோட்டை எப்போதோ தானப் பெட்டியில் போட்டிருந்தார். வீப்கெக்கு அந்தக் கம்பளிக் கோட்டையும் திறக்கப்போகும் ஜன்னலையும் நினைத்தாலே உடம்பு கூசியது. அவள் இரண்டு ஸ்வெட்டரில் வந்தாள். அவர் வெறும் கோட்டு சூட்டில் வந்தார். அன்று மாலைக்குள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். அடுத்த மூன்று நாளும் இரண்டு நாற்காலியும் காலி.

திரும்பி வந்த அன்று படிக்கட்டில் டீட்யெனின் குரல் மேலிருந்து இறங்கி வந்தது:

"ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துட்டாங்க. அதுக்கு மேல நான் எப்படிச் சும்மா இருக்கறது?"

வீப்கெ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டீட்யென் இறங்கி வந்து அவளைப் பார்த்ததும் நின்றார். வெட்கப்படவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"நல்லதாப் போச்சு, ஃபிராவ் ஓன்கன். மதியம் ஊழியர் குழுக் கூட்டத்துக்கு வாங்க. ஹெர் லூர்ஸையும் கூப்பிட்டிருக்கேன். அந்த ஜாக்கெட் விஷயம்."

"அதைக் கூட்டம் போட்டுப் பேசப் போறீங்களா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இதுல மறைக்க என்ன இருக்கு?"

மதியம் வரை அவள் ஒரு குழாயையும் கணிக்கவில்லை. அப்பாவுக்கு ஃபோன் பண்ணலாமா என்று நினைத்தாள். என்ன சொல்வது? உன் பெண்ணுக்கு வேலை போகப் போகிறது அப்பா, காரணம் ஜாக்கெட். அவர் ஏணியோடு வந்து நிற்பார்.

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் டீட்யென், க்யூக். மறுபக்கம் லூர்ஸ், கைக்குட்டையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு. இருந்த ஒரே காலி நாற்காலி அவர் பக்கத்தில் இருந்தது. வீப்கெ உட்காரவில்லை.

"உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டது எதுக்குன்னா..." என்று டீட்யென் தொடங்கினார்.

"நான் முதல்ல பேசிடறேன்," என்றாள் வீப்கெ. "எங்க அப்பா கூரையில ஓடு போடறவரு. எங்க அம்மா பேக்கரில நின்னுட்டே வேலை பார்க்கறாங்க. நான் இந்த நாற்காலிக்குப் படிச்சு வந்தேன். யார் கூடவும் படுத்து வரல. ஹெர் லூர்ஸுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது, நடந்ததும் இல்ல, நடக்கப் போறதும் இல்ல. அவரைப் பாருங்க. என்னைப் பாருங்க. உங்களுக்கே நல்லா இருக்கா? காபி அறையிலயும் படிக்கட்டுலயும் நீங்க பேசின ஒவ்வொரு பேச்சும் என் காதுல விழுந்துச்சு. ஒரே கடையில ஒரே தாடிக்காரன் ரெண்டு பேருக்கும் ஒரே ஜாக்கெட்டை வித்தான். அவ்வளவுதான் எங்க உறவு."

லூர்ஸ் கைக்குட்டையை இறக்கினார். அவர் காது பழையபடி சிவந்திருந்தது. ஒரு கண்ணியமான மனிதர் தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"என் மனைவிக்கும் எல்லாம் தெரியும்," என்றார். "அந்த ரெண்டாவது நிறத்தை எடுக்கச் சொன்னதே அவதான்."

டீட்யெனின் பேனா மேசையில் உருண்டு போய்த் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அவர் வீப்கெயைப் பார்த்தார், லூர்ஸைப் பார்த்தார், மறுபடி வீப்கெயைப் பார்த்தார். இரண்டு வாரமாக அவர் மனதில் இல்லாத ஏதோ ஒன்று முதல்முறையாக இப்போதுதான் உள்ளே நுழைகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

ஹெர் க்யூக் மட்டும் ஏமாந்த முகத்தோடு டீட்யென் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது ஆபீஸ் யூனிஃபார்ம் இல்லையா? நான் எக்ஸ்எல் சைஸ்னு எழுதிக் குடுத்துட்டேனே."