ரத்தம் குடிப்பவனுக்கு ஓர் ஒப்பாரி

கொட்டகைக்குப் பின்னால் நின்று, சாயங்காலம் வந்த டப்பாவைக் கடைசி ரீல் என்று திறந்தபோது, ஆபரேட்டர் திம்மப்பனின் வாயிலிருந்த பீடி அதற்குள் விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் சாம்பல்.

"இன்னொரு ரீல் கெட்டுதுன்னா வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி நாராயணப்பன் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

ராயக்கோட்டை டெண்டுக் கொட்டகையின் திரையில், பகலெல்லாம் சவப்பெட்டியில் உறங்கி, இருட்டியதும் எழுந்து ரத்தம் குடிக்கும் தூர தேசத்துப் பிரபு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சாகும் காட்சிதான் எரிந்துபோனது என்று திம்மப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

சிரிப்போடு படம் நின்றது. திம்மப்பன் மைக்கைப் பிடித்தான். "மகா ஜனங்களே, அவன் செத்துட்டான். நல்லபடியா வீட்டுக்குப் போங்க."

"எப்பச் செத்தான்? இப்பதான சிரிச்சான்!" என்றாள் முன்வரிசை மாரம்மா.

"மார்ல கட்டை அடிச்சுக் கொன்னுட்டாங்கம்மா."

"அப்படின்னா பொணத்தக் காட்டு. அவன உயிரோட விட்டுட்டு உத்தனப்பள்ளி வரைக்கும் இருட்டுல எப்படிப் போறது?"

மணலில் உட்கார்ந்திருந்த ஒருவரும் எழவில்லை.

கூட்டத்தில், கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டும் ஆஞ்சப்பன் இருந்தார். அந்தப் பிரபுவாக வந்து செத்துக் காட்டும்படி திம்மப்பன் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தான்.

"எங்கடா அடிக்கணும்?"

"மார்லண்ணா."

"தொடைன்னா ஒரு மணி நேரம் பாடிச் சாவேன். மார்லன்னா பாட்டு கம்மி."

"பாட்டே வேணாம்ணா. செத்தாப் போதும்."

"பாடாம எப்படிடா சாவறது?"

கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆஞ்சப்பன் திரைக்கு முன்னால் வந்தார். கூடாரத்து முளைக்கட்டையைத் திம்மப்பன் அவர் மார்பில் வைத்தான். விடியலைப் பார்க்காமலே வாழ்ந்ததை, பெட்டியைத் தவிரப் படுக்க இடமில்லாததைப் பாடிப் பாடி, அவர் மெல்லச் சரிந்தார்.

பிறகு மாரம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "பாவி மவனே, ஒரு நாளு வெயிலப் பாத்தியா!"

பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். அழுது முடித்து, சாவு வீட்டிலிருந்து போவதுபோலச் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள்.

பின்வரிசை நாற்காலியிலிருந்து நாராயணப்பன் எழுந்து வந்தார். திம்மப்பன் எல்லாவற்றையும் சொல்லிக் கைகூப்பினான். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலையப் பாருடா. பீடிய மட்டும் விட்டுடு."

அப்போது ரீல் கொண்டுவரும் அக்பர் பாஷா, தலையில் ஒரு டப்பாவோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"பஸ்ஸு வழியில நின்னுபோச்சுப்பா. இந்தா கடைசி ரீலு. சாயங்காலம் குடுத்த டப்பாவ பத்திரமா வெய்யி, அது நாளைக்குப் போடுற சாமி படம். கிருஷ்ணர் பொறக்குற மொத ரீலு."

திம்மப்பன் ஆஞ்சப்பனைப் பார்த்தான்.

செத்துக் கிடந்தவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "பொறக்கறதுக்கும் பாட்டு இருக்குடா."