எதிர்க்கட்சித் துறை

ஓர் உள்கடலைச் சுற்றிப் பன்னிரண்டு நாடுகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அவை ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்தன, ஊர்களைக் கொளுத்தின. கொளுத்துவதற்கு ஊர் மீதமில்லாத ஒரு காலத்தில்தான் உட்கார்ந்து பேசி ஓர் ஒன்றியம் அமைத்துக்கொண்டன. ஒன்றியத்தின் விதிகள் எளியவை. பாலங்கள் திறந்திருக்கும். தகராறு வந்தால் போர்க்களத்துக்குப் போகாமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆள்பவர் செய்வது பிடிக்காவிட்டால் அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். சொன்னவர் பத்திரமாக வீடு திரும்பலாம்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றான மேல்கரை நாட்டு மக்கள் மாவளத்தார் என்பவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நேர்மையாகவே நடந்தது. அதிலிருந்து மாவளத்தார் ஒரு முடிவுக்கு வந்தார்: மக்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆகவே என்னை எதிர்ப்பவர் மக்களை எதிர்ப்பவர், மக்களை எதிர்ப்பவர் மக்களாட்சியின் பகைவர். மக்களாட்சியைக் காப்பாற்றும் பொருட்டு அவர் எதிர்க்கட்சியைக் கலைத்தார்.

அடுத்து நீதித்துறையைச் சீர்செய்தார். நீதிபதிகள் நாற்பது வயதில் ஓய்வு பெற வேண்டும் என்றும், ஐம்பது வயது நிறைந்தவர்களை மட்டுமே நீதிபதியாக நியமிக்கலாம் என்றும் சட்டம் வந்தது. நீதிமன்றங்கள் வழக்கம்போல் காலையில் திறக்கப்பட்டு மாலையில் மூடப்பட்டன. உள்ளே யாரும் இல்லை. பத்திரிகைகளுக்கு முழுச் சுதந்திரம் வழங்கப்பட்டது. அரசிதழில் வெளிவந்த எதையும் அவை அச்சமின்றி வெளியிடலாம்.

ஒன்றியப் பேரவை கவலை தெரிவித்தது. பிறகு ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அதற்கு மேல் எதைத் தெரிவிப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு நாட்டைத் தண்டிக்கப் பன்னிரண்டு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். மேல்கரையைத் தண்டிக்க மேல்கரை சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு விதிக்கு மட்டும் பல் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லாத நாட்டுக்குப் பேரவையில் நாற்காலி கிடையாது. அந்த நாற்காலி மாவளத்தாருக்குப் பிடித்தமானது. அதில் சாய்ந்துகொண்டுதான் அவர் ஒன்றியத்தைத் திட்டுவது வழக்கம்.

எனவே மேல்கரையில் எதிர்க்கட்சித் துறை என்று புதிதாக ஒரு துறை தொடங்கப்பட்டது. தலைமைச் செயலர் நயினப்பர் பொருத்தமான ஆளைத் தேடி, விழாத் துறைத் துணை இயக்குநர் அடைக்கலத்தை அழைத்தார்.

அடைக்கலம் சாதுவான மனிதர். மேடைக்குக் கம்பளம் விரிப்பதும் பன்னீர்ச் செம்பு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. எதிரே வருபவர் யாராக இருந்தாலும் அவர் கை தானாகக் குவிந்துவிடும்.

"இதுவரை யாரையாவது எதிர்த்துப் பேசியதுண்டா?" என்று நயினப்பர் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"வீட்டில்?"

அடைக்கலம் தன் மனைவி பவளக்கொடியை நினைத்துப் பார்த்தார். "வாய்ப்பே இல்லைங்க ஐயா."

"அரசு தேடிய தகுதி இதுவே," என்றார் நயினப்பர். நியமன ஆணை கையோடு கொடுக்கப்பட்டது.

அவருக்குக் கடைத்தெருவில் ஓர் அலுவலகம் ஒதுக்கி, வாசலில் 'எதிர்க்கட்சி' என்று பெரிய பலகை மாட்டினார்கள். உரைகள் நயினப்பரிடமிருந்து வந்தன. நாட்டின் சட்ட அவையில் படித்த முதல் உரையில் அடைக்கலம் அதிபரைக் கடுமையாகச் சாடினார். அதிபர் ஓய்வில்லாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார், இந்தப் பொறுப்பற்ற போக்கை எதிர்க்கட்சி வன்மையாகக் கண்டிக்கிறது என்றார். மாவளத்தார் கண்களைத் துடைத்தபடி எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒன்றியத்தின் ஆய்வுத் தூதர் ஒரு பெண்மணி. அவர் வந்து பலகையைப் பார்த்தார், எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று கண்டு நிறைவோடு திரும்பினார்.

அடைக்கலத்துக்கும் வேலை பிடித்திருந்தது. தொல்லை எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. 'எதிர்க்கட்சி' என்று எழுதியிருக்கிறதே என்று ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். நாட்டில் குறையைச் சொல்ல வேறு வாசல் இல்லை. கைகூப்பி வரவேற்றே பழகியவர் என்பதால் ஒருவரையும் அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கேட்டார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மாதங்கி. நீதிபதிகள் இல்லாமல் போனதால் வேலை இழந்த வழக்கறிஞர். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். அவர் கொண்டுவந்தது பாலத்து விவகாரம். அக்கரைக்குப் போகிறவர்கள் அக்கரை எண்ணங்களோடு திரும்பி வருகிறார்கள் என்று சொல்லி அதிபர் பாலத்தை மூடியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. கீழ்ச்சேரியில் முத்தழகி என்ற பெண்ணுக்கு இடுப்புவலி கண்டு, கட்டிலோடு தூக்கிப் போயிருக்கிறார்கள். காவலர்கள் விடவில்லை. பாலத்தின் இந்த முனையிலேயே குழந்தை பிறந்தது, தாய் இறந்துபோனாள்.

"கோர்ட்டு இருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்," என்றார் மாதங்கி. "நீங்க அவங்க ஆளுன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தப் பலகைய மாட்டிட்டு உக்காந்திருக்கீங்க. நீங்கதான் கேக்கணும்."

அடைக்கலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் நயினப்பரிடம் போய், பாலத்தைப் பற்றி ஏதாவது செய்ய முடியுமா என்று பணிவாகக் கேட்டார். நயினப்பர் மிகுந்த அக்கறையோடு குறித்துக்கொண்டார். சில நாளில் புதிய ஆணை வந்தது. மக்களின் நலன் கருதியும் எதிர்க்கட்சியின் கோரிக்கையை மதித்தும், பெரிய ஆஸ்பத்திரி இன்று முதல் இக்கரையில் இருப்பதாக அரசு அறிவிக்கிறது.

கட்டடம் நின்ற இடத்தில்தான் நின்றது. சட்டப்படி மட்டும் இக்கரைக்கு வந்துவிட்டது. அதன் விளைவு உடனே தெரிந்தது. அக்கரையில் ஆஸ்பத்திரியே இல்லாதபோது ஒருவர் ஏன் அக்கரைக்குப் போக வேண்டும்? இருட்டியபின் படகில் கடந்துவிடலாம் என்று பார்த்த நோயாளிகளை ஒற்றர்கள் என்று பிடித்தார்கள். காய்ச்சல்காரர் ஒருவர் உளறியதை வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த அவைக் கூட்டத்துக்கு அடைக்கலத்திடம் ஒரு நன்றியுரை கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியை மக்களின் காலடிக்கே கொண்டுவந்த அதிபருக்கு நன்றி என்று அது தொடங்கியது. அடைக்கலம் எழுந்தார். தாளைப் பார்த்தார். அந்த முதல் வரியை அவரால் படிக்க முடியவில்லை. அவர் வீரத்தோடு எதையும் செய்யவில்லை. வேறு வார்த்தை கிடைக்காததால்தான் அதைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி அக்கரையிலதான் இருக்கு."

இது அனுமதிக்கப்பட்ட எதிர்ப்பா இல்லையா என்று உறுப்பினர்களுக்குத் தெரியவில்லை. நயினப்பரைப் பார்த்தார்கள்; அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் மேசையைத் தட்டினார்கள். நகைச்சுவை என்று நினைத்து மாவளத்தார் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அடைக்கலத்துக்கு உறைத்தது. பவளக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உண்மையத்தானே சொன்னீங்க, சாப்பிடுங்க," என்றாள்.

அந்த ஒரு வரி தெருத்தெருவாகப் போனது. கீரை விற்பவர்கள் சொன்னார்கள். தறியில் இருந்தவர்கள் சொன்னார்கள். வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில்கூடச் சிலர் அதைச் சொன்னார்கள். மாவளத்தார் பொருட்படுத்தவில்லை. ஒன்றியத்துக்குக் காட்டுவதற்காகத் தேர்தலையும் அறிவித்தார். எதிர்த்து நிற்பவர் தம்மிடம் சம்பளம் வாங்கும் ஊழியர். இதைவிடப் பாதுகாப்பான தேர்தல் உலகத்தில் உண்டா?

அடைக்கலம் வென்றார். வாக்குகளை மாற்றி எண்ணும்படி அதிகாரிகளுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. தேவைப்படும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாவளத்தார் இதை அநீதி என்றார். முறையிட நீதிமன்றத்துக்குப் போனார். வாசல் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. பத்திரிகையில் அறிக்கை விடப் பார்த்தார். அரசிதழில் வந்தால் போடுகிறோம் என்று ஆசிரியர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். ஒன்றியம் ஆழ்ந்த மகிழ்ச்சி தெரிவித்தது.

பதவியேற்ற காலையிலேயே அடைக்கலம் பாலத்தைத் திறந்தார். ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தார்கள். திரும்பி வந்தால் அதிபர் அறையில் நயினப்பர் காத்திருந்தார். அதே வேட்டி, அதே வணக்கம்.

"நீதிபதிகளைத் திரும்பக் கொண்டுவரணும்," என்றார் அடைக்கலம்.

பழைய சட்டத்தை அவைதான் நீக்க வேண்டும், அவையில் பெரும்பாலும் மாவளத்தாரின் ஆட்கள், மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்று நயினப்பர் விளக்கினார். வேறு வழியும் இருந்தது. முந்தைய அதிபர் தமக்கென்று ஒரு சிறப்பு அதிகாரம் உண்டாக்கி வைத்திருந்தார். ஒரு கையெழுத்தில் அதிபரே நீதிபதிகளை நியமித்துவிடலாம்.

"நல்லவர்களையே நியமிக்கலாம், தாங்கள் யாரை நல்லவர் என்று சொல்கிறீர்களோ அவர்களை," என்றார் நயினப்பர்.

அடைக்கலத்துக்கு அது நியாயமாகவே பட்டது. யார் முதலில் என்று யோசிக்கவும் தேவையில்லை. மாதங்கிக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்தார். தலைமை நீதிபதி பதவி என்று கேட்டதும் அவர் முகம் மலரும் என்று அடைக்கலம் எதிர்பார்த்திருந்தார். மலரவில்லை.

"நான் வேற வேலையா வந்தேன்," என்றார் மாதங்கி. "மாவளத்தார் தேர்தலை எதிர்த்து வழக்குப் போடணுமாம். அவர் இப்போ என் கட்சிக்காரர்."

"நீங்க எப்ப அவர் கட்சியில சேந்தீங்க?"

"வழக்குல கட்சிக்காரருங்க."

அடைக்கலம், முத்தழகியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். மறக்கவில்லை, அந்த வழக்கையும் நான்தான் நடத்துவேன், அவருக்கு எதிராக, என்றார் மாதங்கி. ஆனால் மாவளத்தாருக்கும் வழக்குப் போட உரிமை உண்டு. அதை விசாரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அடைக்கலம் பொறுக்கி எடுத்தவராக இருக்கக் கூடாது.

"நான் நல்லதுக்குத்தானே செய்யிறேன்?"

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

மாதங்கி போன பிறகும் அடைக்கலத்துக்குக் கோபம் அடங்கவில்லை. தன் முகத்துக்கு நேரே ஒருவர் மறுத்துப் பேசுவது இவ்வளவு எரியும் என்று அவருக்குத் தெரியாது. இந்த அம்மையாரைப் பகைவர் என்று கருதுவதா அல்லது எதிர்க்கட்சித் துறையில் நியமிப்பதா என்று நயினப்பர் தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அடைக்கலத்துக்கு உடம்பு கூசியது. மாதங்கிக்காக எழுதி வைத்திருந்த நியமன ஆணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய சட்டத்தை நீக்கும்படி அவைக்கே எழுதச் சொன்னார்.

இழுக்கத்தான் செய்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்த மாவளத்தார் முதல் ஆளாக எழுந்து, நீதிமன்றம் இல்லாத நாடும் ஒரு நாடா என்று தழுதழுத்தார். அவருடைய ஆட்கள் மேசை உடைகிற மாதிரி தட்டினார்கள். சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. பழைய நீதிபதிகள் தூசி தட்டி உட்கார்ந்தார்கள்.

விசாரணை நாளில் அடைக்கலத்தின் பெயரை எந்தப் பட்டமும் இல்லாமல் கூப்பிட்டார்கள். அதிபர் எழுந்து நின்றார். ஒன்றியத் தூதர் பின்வரிசையில் இருந்தார். மகிழ்ச்சி தெரிவிப்பதா கவலை தெரிவிப்பதா என்று அவருக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. நயினப்பர் இரு தரப்புக்கும் சம தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

மாதங்கி வாதாடினார். எதிர்க்கட்சித் தலைவர் அரசு ஊழியர். அரசு ஊழியர் தேர்தலில் நிற்கத் தடை உண்டு. அப்படியானால் இந்த வெற்றி செல்லுமா என்று கேட்டார். அடைக்கலம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று பட்டது. தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.

அதைக் கவனித்த நயினப்பர், தம் நாற்காலியை மாவளத்தார் பக்கமாகச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.