மூன்று நட்சத்திரக் கேள்வி

காலேஜ் பரீட்சைக்குப் படிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டுப் படிப்பவர், நடந்துகொண்டே படிப்பவர், படிக்கவேயில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திப் படிப்பவர். இவர்களை விட்டுவிடலாம், எப்படியும் பாஸ் செய்துவிடுவார்கள். நான் சொல்லவந்தவர் வேறு ரகம். அவர் படிக்கமாட்டார். என்ன கேள்வி வரும் என்று சொல்வார்.

அவரைக் கேள்வி ஜோசியர் என்று வைத்துக்கொள்வோம். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? கையில் பாடப்புஸ்தகம் இருக்காது. பத்து வருஷத்துப் பழைய கேள்வித்தாள்களை நூல் போட்டுத் தைத்து வைத்திருப்பார். காதில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். பாடத்தைத் திறந்தால் வாசிக்கமாட்டார், நாடி பிடிப்பார். முப்பத்தைந்தில் அக்பர் வரவில்லை, முப்பத்தாறிலும் வரவில்லை, பாவம், அவரும் எத்தனை வருஷம் வெளியே நிற்பார், இந்த வருஷம் வந்தே தீரவேண்டும் என்று சொல்லி, அக்பர் தலைக்கு மேல் சிவப்பில் மூன்று நட்சத்திரம் போடுவார். மூன்று என்றால் நிச்சயம். இரண்டு என்றால் வரலாம். ஒன்று என்றால் வந்தாலும் வரும். நீலத்தில் பெருக்கல் குறி விழுந்துவிட்டதா? அந்தப் பக்கத்தைக் கிழித்து வறுகடலை மடித்துக்கொள்ளலாம்.

இன்ன பாடம்தான் என்று கிடையாது. லாஜிக், சரித்திரம், கெமிஸ்ட்ரி எல்லாம் ஒன்றுதான் அவருக்கு. பாட்டனி அவர் படித்ததே இல்லை. செம்பருத்திக்கு எத்தனை இதழ் என்று கேட்டால் கையை விரிப்பார். ஆனால் பாட்டனியில் என்ன கேள்வி வரும் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார். கேள்வித்தாள் தயாரிக்கிறவர் யார், அவர் குணம் என்ன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனுஷர் வைகாசியில்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்தார், அலுத்துப்போயிருப்பார், நீளமான கேள்வி கேட்கமாட்டார் என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோவிலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த புளியமரத்தடியில் அந்தப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேதமணி நான்தான்.

அந்த வருஷம் மார்ச்சில் மதுரைக்குப் போய் இன்டர்மீடியட் எழுதினோம். நான் எல்லாப் பாடங்களிலும் பெயில். என்னோடு படித்த ராஜபாளையத்துச் சத்தியநேசன் சரித்திரத்திலும் லாஜிக்கிலும் பெயில். அவன் நான் சொன்னதைத் தவிர வேறு எதையும் படிக்காதவன். அதனால் என் கணக்கில் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வித்தாள் தயாரித்தவருக்கு ஒழுங்கு தெரியவில்லை. இதை நான் பத்துப் பேரிடம் சொன்னேன். பத்துப் பேரும் செப்டம்பர் பரீட்சைக்கு என்ன வரும் என்று என்னிடமே கேட்டார்கள். மனுஷ ஜன்மம் அப்படித்தான்.

சத்தியநேசனும் வந்தான். ஆகஸ்டு முழுக்கத் தினமும் காலை ரயிலில் ராஜபாளையத்திலிருந்து வந்து, புஸ்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு, நான் குறிக்கக் குறிக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். பஞ்சு வியாபாரி மகன் காளிராஜ் அப்படியல்ல. நான் போட்ட மூன்று நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டு, இதெல்லாம் வந்தால் புரட்டாசி சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருவண்ணாமலைப் பெருமாளை (வடக்கே சிவன் இருக்கும் ஊர் வேறு) நடந்தே வந்து சேவிப்பதாக வேண்டிக்கொண்டான். பெருமாள் அவனை நடக்கவிடவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சத்தியநேசனுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் ஏசம்மாள் ஜின்னிங் பாக்டரியில் பருத்தி பொறுக்கி அவனைப் படிக்கவைத்தார். தூசி நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை இருமுவார். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்தியநேசனுக்காக ஒரு உபாத்தியாயர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். செப்டம்பரில் பாஸானால் அவனுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏசம்மாள் சித்தி (உறவில்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னை வேதக்கோவில் வாசலில் நிறுத்தினார்.

"எய்யா, நீ குறிச்சதத்தான் படிக்கான். இந்த வட்டம் கைவிட்டுராதுல்லா?"

"பள்ளிக்கூடத்து நாற்காலியத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க சித்தி" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

செப்டம்பர் வந்தது. சரித்திரக் கேள்வித்தாளைப் பிரித்தேன். அக்பர் இல்லை. நான் நீலத்தில் அடித்துத் துரத்திய ஷேர்ஷா முதல் கேள்வியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே வரிசையாக நான் துரத்திய மற்றவர்கள். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பெஞ்சுக்கு முன்னால் சத்தியநேசன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். எழுந்து நின்று கூடுதல் காகிதம்கூட வாங்கினான். என்னை நம்பிக் கெட்டவன், ஷேர்ஷா கேட்ட இடத்தில் அக்பரை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். சித்தியின் இருமல் காதில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் விடைத்தாளில் அன்று ஒழுங்காக விழுந்தது அந்தக் கண்ணீர் மட்டும்தான்.

அதன்பிறகு நான் ராஜபாளையம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே அத்தை மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது வயிற்றுவலி என்று சொல்லிக் கஷாயம் குடித்தேன். ரயிலில் தென்காசிக்குப் போகவேண்டி வந்தபோது, ராஜபாளையம் ஸ்டேஷன் தாண்டும்வரை துண்டால் முகத்தை மூடித் தூங்குகிறவனைப்போல் கிடந்தேன்.

நவம்பரில் பேப்பரில் ரிசல்ட் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டே பார்த்தேன். என் நம்பர் இல்லை. அது எனக்கு ஆச்சரியமில்லை. சத்தியநேசன் நம்பர் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தது.

சாயங்கால ரயிலில் சித்தி மகனோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார்.

"நீ குறிச்ச புஸ்தகந்தான்யா அவனக் கரையேத்துச்சு. இனி பாக்டரிக்குப் போவேண்டாம்னு சொல்லுதான். நீ நல்லா இருக்கணும். ஒன் நம்பர் எங்கய்யா?"

அச்சுப்பிழை என்று சொன்னேன். நன்றியை மறுக்கவில்லை. நான் குறித்த புஸ்தகம் ஒருவனைக் கரையேற்றியிருக்கிறதே, எந்தக் குறியாக இருக்கும் என்று பெருமையோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, சத்தியநேசன் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனான்.

"ஏலே, நீ வரும்னு சொன்னதப் படிச்சு மார்ச்சுல பெயிலாப் போனேன். இந்த வட்டம் பெருக்கல் போட்டத மட்டும் படிச்சேன். அம்புட்டும் வந்துச்சு. அம்மாட்ட சொல்லிராத, ஒனக்காவ தினமும் ஜெபம் பண்ணுதா."

எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே இருந்தது. சித்தி போன பிறகு வாழைப்பழத்தைத் தொடாமல் உறியில் வைத்துவிட்டேன். ஆனால் இந்த ரகத்துக்கு வெட்கம் இரண்டு நாளைக்கு மேல் தங்காது. மூன்றாம் நாள், என் நீலப் பென்சில் ஒருமுறைகூடத் தவறவில்லையே என்று பட்டது. அடுத்த மார்ச்சுக்குக் காளிராஜ் முதலான ஏழு பேர் விஷயம் எப்படியோ தெரிந்து வந்து, வராது என்பதை மட்டும் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மரியாதையாகக் குறித்துக் கொடுத்தேன். நானும் இந்த முறை அதையே படித்தேன். அக்பர் வந்தார். எட்டுப் பேரும் பெயில்.

சத்தியநேசன் இப்போது சரித்திர வாத்தியார். நான் அப்பாவின் புகையிலைக் கடையில் உட்கார்ந்து, மழை எந்தக் கிழமை வரும், பருத்தி என்ன விலைக்குப் போகும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வராது, போகாது என்று எழுதி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். சித்தி என்னைக் கோவில் வாசலில் நிறுத்திய இடத்திலேயே, இந்தப் பையன் பாஸாகிவிடுவான், இந்த வேதமணிதான் பெயிலாவான் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டீர்களா இல்லையா? நடுவில் நாலு வரியைத் தாண்டிக்கூட வந்திருப்பீர்கள். அப்படியானால் காதைத் தடவிப் பாருங்கள். பென்சில் இருக்கும்.