பெண் பார்க்கப் போய்த் தவளையைக் கொன்றேன்

அநேகமாக முடிந்துவிட்ட என் கல்யாணம் ஒன்று நின்றுபோனது. காரணம் ஜாதகம் இல்லை, சீர்வரிசை இல்லை, எங்கள் பெரியப்பாவின் வாய்கூட இல்லை (அது இதுவரை இரண்டு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறது). டிவிக்குள் இருந்த ஒரு ராட்சசத் தவளைதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தவளைமேல் பழி போடுவதில் நியாயமே இல்லை. அது பாட்டுக்குக் குளத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அரியாங்குப்பத்தில் வீடு, டவுனில் ஒரு கம்பெனியில் வேலை. வீடியோ கேம் விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்கிற நினைப்பு தலைக்கு மேல் இருந்தது. யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வேன். கையில் வைத்து ஆடுகிற சின்னக் கருவி இருக்கிறதே, அது சுயநலக்காரர்களுக்கு. பொட்டலத்தைப் பிரித்து யாருக்கும் தராமல் தானே தின்பது மாதிரி. (என்னிடமும் ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கு மட்டும்.) கம்ப்யூட்டரில் ஆடுவது ஆபீஸ் நாற்காலியிலேயே பாய் விரிப்பது போல. முகம் தெரியாத ஆளோடு இன்டர்நெட்டில் ஆடுவதெல்லாம் சேர்த்தியே இல்லை. ஒரு டிவி, அதில் மாட்டி ஆட ஒரு கன்சோல், ஒரு சோபா, பக்கத்தில் ஒரு ஆள், இருவரும் ஒரே கட்சி. அதற்குத்தான் கோ-ஆப் என்று பெயர். விட்டுக்கொடுத்து, கைகொடுத்து, சேர்ந்து ஜெயிப்பது. இதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி ஒரு வீடியோகூடப் போட்டேன். அதை முழுசாகப் பார்த்த ஒரே மனிதர் என் அக்கா புருஷன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பாவம், அவரால் எழுந்து போக முடியவில்லை.

அந்த நிலைமையில்தான் காலாப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் பவித்ரா. அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு, பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, அக்கா, மாமா, நான் நாலு பேரும் காரில் கிளம்பினோம். பாலம் தாண்டும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க வந்து அந்த கேமு கீமுன்னு வாயத் தொறந்தேன்னு வெய்யி, நான் பாட்டுக்கு எழுந்து பஸ் ஏறி வந்துடுவேன், ஆமா."

"நான் ஏம்மா அதப் பத்திப் பேசப் போறேன்?"

"பேசுவடா. எழவு வீட்லயே பேசுனவன்தான நீ."

(உண்மைதான். ஆனால் அங்கே கேட்டது இறந்தவரின் பையன்.)

பவித்ரா வீட்டில் கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முறைப்படி நடந்தது. காபி கொடுக்கும்போது அவள் குனியவில்லை, நேராக என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்குக் காபி எந்தப் பக்கம் இறங்கியதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "புள்ளைங்க மாடியில போயி ரெண்டு வார்த்த பேசிட்டு வரட்டுமே" என்றார். இந்தக் காலத்துப் பெண் பார்க்கும் படலத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் பரீட்சை. மற்றதெல்லாம் பலகாரம்.

மாடி அறையில், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றோம். டிவிக்குக் கீழே தலையணை உறை போட்டு மூடிய ஒரு பெட்டி இருந்தது. அதன் உருவத்தை வைத்தே எனக்குப் புரிந்துவிட்டது.

"இது... கன்சோலா?"

"ஆமாங்க. உப்புக் காத்து. மூடி வெக்கலன்னா துரு ஏறிடும்" என்றாள் பவித்ரா, ஏதோ தையல் மெஷினைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா கும்பிட்ட எல்லாச் சாமிகளுக்கும் அங்கேயே நன்றி சொன்னேன்.

அவள் உறையை எடுத்தாள். கையில் பிடித்து ஆடுகிற ரிமோட் இரண்டு இருந்தன. ஒன்றின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. "இது எங்க அக்காவோடது. நாங்க ரெண்டு பேருந்தான் ஆடுவோம். அவளக் கடலூர்ல கட்டிக் குடுத்தாச்சு. வர்றப்பல்லாம் உக்காந்துடுவோம். கடைசியில ஒரு தவள வரும், எட்டு மாசமாச் சாவ மாட்டேங்குது" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் தேய்ந்த ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். "ஒரு தடவ ஆடிப் பாக்கலாமா?"

அவள் அதை நீட்டியது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மண்டையில் தவளை மட்டும்தான் ஏறியிருந்தது.

ஆட்டம் சுலபம். ஒருவர் கையில் விளக்கு, இன்னொருவர் கையில் சுத்தியல். விளக்கைக் காட்டினால் தவளை கண் கூசி வாயைத் திறக்கும். அந்த நேரம் பார்த்து நாக்கில் ஒரு போடு போட வேண்டும். பவித்ராவிடம் விளக்கு. அவள் அவசரப்படவே இல்லை. தவளை இரண்டு முறை குதிக்கும்வரை காத்திருந்து, நிதானமாகக் காட்டினாள். எனக்கு எங்கே பொறுமை?

"இப்பக் காட்டுங்க. இப்பங்க! ஐயோ, விட்டுட்டீங்களே."

"இருங்க, அது இன்னொரு தடவ குதிக்கும்."

"குதிக்காது. நான் சொல்றேன்ல? லெஃப்ட்ல வாங்க. லெஃப்ட்டுங்க!"

தவளை குதித்தது. இரண்டு பேரும் செத்தோம். இரண்டாம் தடவையும் செத்தோம், இந்த முறை முழுக்க முழுக்க என் தவறால். அதையும் அவள் கணக்கில்தான் எழுதினேன். மூன்றாம் தடவை தவளைக்கு உயிர் நூலளவுதான் பாக்கி. பவித்ரா விளக்கோடு மெதுவாக வந்துகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டி, அவள் கையில் இருந்த ரிமோட்டை வெடுக்கென்று பிடுங்கினேன். அதை மடியில் வைத்து வலது கையால் விளக்கைக் காட்டி, இடது கையால் சுத்தியலை ஓங்கி, ஒரே போடு. தவளை காலி.

"அடிச்சேன் பாத்தீங்களா!" என்று நான் போட்ட கூச்சலில் கீழே இருந்தவர்கள் பதறியடித்து மாடிக்கு ஓடிவந்தார்கள். முதலில் வந்தது என் அக்கா. இரண்டு கையிலும் இரண்டு ரிமோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சோபாமேல் ஏறி நின்றேன். பவித்ரா கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் இன்னும் ரிமோட்டைப் பிடித்திருப்பதுபோலவே மடியில் இருந்தன. டிவியில் பாட்டுப் போட்டு, அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன.

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள்.

கூத்து என்னவென்றால், திரும்பி வரும்போது காரில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இந்த ஊரிலேயே கிடையாது. "அம்மா, இதையே முடிச்சிடு. இப்படி ஒரு பொண்ணு கெடைக்கவே கெடைக்காது" என்றேன். அக்கா மட்டும் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் பவித்ராவின் அப்பா போன் செய்து, "பொண்ணு வேணாங்குது, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அம்மா இடிந்துபோனாள். அக்கா விடவில்லை, பவித்ராவுக்கே போன் போட்டுக் கேட்டாள். அவள் சொன்னதை வரி பிசகாமல் என்னிடம் வந்து ஒப்பித்தாள்: "உங்க தம்பி கெட்டவரு இல்லக்கா. ஆனா என் கையில இருந்தத ஒரு வார்த்த கேக்காமப் புடுங்கிட்டாரு. நாளைக்கு என் சம்பளத்தையும் அப்படித்தான் புடுங்குவாரு, என் பேச்சையும் அப்படித்தான் புடுங்குவாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று அவளுக்கு ஒரு நீளமான மெசேஜ் அனுப்பினேன். அதில் முதல் வரி மன்னிப்பு. மீதி முழுக்க, அவள் விளக்குப் பிடித்த விதத்தில் என்ன கோளாறு என்கிற விளக்கம். "சரிங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. கோ-ஆப் பற்றி நாற்பது நிமிடம் லெக்சர் அடித்த மேதாவிக்குப் பக்கத்தில் ஒரு ஆளோடு பத்து நிமிடம் உட்காரத் தெரியவில்லை. அவளை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் கரண்டிக்குக் கை நீட்டினாலும், பேப்பருக்குக் கை நீட்டினாலும் "கேட்டு வாங்குடா" என்பார்கள். இரண்டு வருடம் கழித்துச் சுதாவோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. தாலியில் முதல் முடிச்சைப் போட்டேன். அடுத்த முடிச்சைப் போட வேண்டிய அக்கா, ஐயர் மைக்கில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "டேய், மீதி ரெண்டும் என்னுது, புடுங்கிடாத" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. எங்கள் சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்.

பந்தியில் சுதா, "எதுக்கு எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க?" என்று கேட்டாள். அக்காவே எதிரில் உட்கார்ந்து, நடித்துக் காட்டி, கதை முழுவதையும் சொன்னாள். எங்கள் வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. சுதா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தத் தவளைதான் கடைசியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா. அதோட ஆட்டம் முடிஞ்சிடும்."

"அப்ப அவங்க அக்கா கடலூர்லேர்ந்து வந்தா, ரெண்டு பேரும் என்னத்த ஆடுவாங்க?"

மறுபடி முதலிலிருந்து ஆடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

இப்போதும் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அக்கா அந்தக் கதையை எடுத்துவிடுவாள். சோபாமேல் ஏறி நின்றது, இரண்டு ரிமோட், மெசேஜ் எல்லாம் வரும். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும், பந்தியில் சுதா கேட்ட கேள்வியையும் அக்கா சொல்வாள். அதற்குள் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்பேன்.