வெள்ளத்துரை வண்டி

மரியாதை மனிதர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுகிறவர்கள் திருவொற்றியூர்ப் பீப்பாய்த் தொழிற்சாலையைப் பார்த்ததில்லை. மரியாதைக் கலையில் அந்த நிர்வாகம் எட்டிய உயரத்தை உலகத்தில் வேறு எவரும் எட்டவில்லை. எட்ட முயன்றதாகவும் தகவல் இல்லை.

அங்கே தகரம் வளைக்கும் வேலை பார்த்தவன் குமாரவேல். காசிமேட்டிலிருந்து விடிகாலையில் நடக்கத் தொடங்கினால், தொழிற்சாலையின் இரண்டாவது சங்கு ஊதும்போதுதான் வந்து சேருவான். சங்கு ஓய்ந்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்னொரு தடவை வெளியே நின்றால் சீட்டுக் கிழியும் என்று சொல்லியாகிவிட்டது. ஊரில் செத்தவனுக்குத்தான் சங்கு ஊதுவார்கள். தொழிற்சாலையோ உயிரோடு இருப்பவனுக்கும் தினசரி அந்தச் சலுகையை வழங்கி வந்தது.

ஆகவே ஒரு சைக்கிள் அவசியமாயிற்று.

கல்மண்டபத்தில் உச்சிமாகாளி என்ற திருநெல்வேலிக்காரர் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பின்சுவர் ஆணியில் ஒரு பழைய வண்டி தொங்கியது. மட்கார்டு இல்லை, மணி இல்லை. டயர் சுண்டுவிரல் கனம். கைப்பிடி மட்டும் ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. பந்தயத்துக்கென்று சீமையில் செய்தது.

"இன்னா நைனா இது, கொம்பு வச்சுகினு கீது?"

"கொம்புன்னு சொல்லாதேயும்வே. வெள்ளத்துரை ஓட்டுன வண்டியாக்கும். மழையில எடுக்க மாட்டாரு, வெயில்ல நிறுத்த மாட்டாரு."

"வெள்ளத்தொரயா!" குமாரவேல் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டான். "தொர இப்ப எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரு."

"அதான் அல்லாரும் பூட்டாங்களே. கப்பல்லயா?"

"கப்பல் எதுக்குவே? ரயில்லதாம்."

பம்பாய் வரை ரயில், அப்புறம் கப்பல் என்று குமாரவேல் தன் பொது அறிவால் இட்டு நிரப்பிக்கொண்டான். நாற்பத்தெட்டாம் வருஷம் அது. துரைமார்கள் போய்க்கொண்டிருந்த காலம்.

உண்மையில் வெள்ளத்துரை என்பவர் உச்சிமாகாளியின் மைத்துனர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். நிறத்தில் அவருக்கும் அவர் விற்ற கருப்பட்டிக்கும் தகராறே இல்லை. துறைமுக ஏலத்தில் அந்த வண்டியை எடுத்ததே, வளைந்த கொம்பில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான்களை மாட்டத் தோதாயிருக்கும் என்றுதான். ஆக, உச்சிமாகாளி பொய்யே சொல்லவில்லை. அவருடைய வியாபாரத்தில் உண்மைக்கு விலை கிடைத்தது அதுவே முதல் தடவை.

விலை, ஒரு பித்தளை அண்டா.

மீன் கூடையைத் தலைக்கு ஏற்றப்போன அவன் பெண்சாதி கெங்கம்மா அப்படியே கீழே வைத்தாள். "அண்டாவக் குட்த்துட்டு இன்னாத்தய்யா இட்டாந்துகீற? கொம்பு மொளச்ச கயுதயா?"

"தொர வண்டிமே!"

"தொர குந்தினா வண்டி. நீ குந்தினா கயுததான்."

அதில் நிமிர்ந்து உட்கார வழியில்லை. எதிரே வருகிறவர்கள் முழங்கால் வரைக்கும்தான் தெரிவார்கள். ராயபுரம் டிராம் தண்டவாளப் பள்ளம் டயரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஆனால் ஒருமுறை விடுபட்டுவிட்டால் வண்டி பறந்தது. மாட்டுவண்டிகள் பின்னால் போயின. டீக்கடை வசவுகள் காதில் விழுவதற்குள் அடுத்த டீக்கடை வந்தது. மறுநாள் முதல் சங்குக்கே குமாரவேல் கேட்டில் நின்றான்.

"ஏதுடா வண்டி?" என்றான் வாட்ச்மேன் சுப்புராயன்.

"வெள்ளத்தொர வண்டி மாமு."

சுப்புராயனின் கை, புத்தியைக் கலந்துகொள்ளாமல், நெற்றிக்குப் போய்விட்டது.

"இன்னா மாமு, எனக்கா சலாம்?"

"த்தூ! உனுக்கு இல்லடா, வண்டிக்கு!"

அன்று மாலைக்குள் கிளார்க்குகளும் வந்து வண்டிக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் ராமதாஸ் அவசரக் கூட்டம் கூட்டினார். துரை விட்டுப்போன நாற்காலியில், துரைமேல் உள்ள மரியாதையால், நுனியில் மட்டுமே உட்காருகிறவர் அவர். ஆழ்ந்த விவாதத்துக்குப் பின் உத்தரவு பிறந்தது: மேற்படி வண்டி, ஆபீசர் கேட் வழியாக, எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். மேற்படி ஆள், பின்புறக் கூலி கேட் வழியாக, இரண்டாவது சங்குக்குள் மட்டும் வரலாம். வண்டியை வீட்டில் விட்டு வருவதும் வேறிடத்தில் நிறுத்துவதும் "அவமதிப்பு".

ஆபீசர் கேட் ரோட்டுப் பக்கம். கூலி கேட் கடல் பக்கம். நடுவே நெடுஞ்சுவர், அதைச் சுற்றிப் போகும் வழி முழுக்க மணல். குமாரவேல் வண்டியை முன்னால் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினான். சாத்தப்போன கேட்டில் வேட்டியின் பாதியைக் கொடுத்து உள்ளே நுழைந்தான். மாலையில் நேரே உச்சிமாகாளியிடம் போனான்.

"எனக்கு வாணாம் நைனா! அந்தத் தொரைக்கே அனுப்பிடு."

"எம் மச்சினன் இனிமே எதுக்குவே வாங்கப் போறான்? அவன் கருப்பட்டி யாவாரத்த விட்டாச்சில்லா."

உண்மை தெரிந்த மகிழ்ச்சியில் குமாரவேல் மறுநாள் மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றான். "அய்யா, அது வெள்ளக்காரத் தொர இல்லிங்க. வெள்ளத்துரைன்னு பேரு. கருப்பட்டி விக்கிறவரு."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா, நாங்க எல்லாரும் சலாம் வெச்சது எதுக்கு?"

"கருப்பட்டிக்குங்க."

தலைமைக் கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார். மேனேஜர் நாற்காலி நுனியிலிருந்து எழுந்து நின்றார். "இதோ பார். நாங்க சலாம் வெச்சுட்டோம். அதனால அது துரை வண்டிதான். போ."

அடுத்த நாள் கடற்காற்றில் மணல் பறந்தது. சுவரின் கடைசி மூலையில் குமாரவேல் திரும்பும்போது சங்கு ஓய்ந்தது. கேட் சாத்தியிருந்தது. அவன் மறுபடி சுற்றிக்கொண்டு ஆபீசர் கேட்டுக்கு ஓடி வந்தான். உள்ளே, மேனேஜர் காருக்குப் பக்கத்து நிழலில், பியூன் ஒருவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டி டயத்துக்கு வந்துட்ச்சு. நீதான் லேட்டு" என்றான் சுப்புராயன். "உன் சீட்டக் கிய்ச்சிட்டாங்கடா."

"வண்டியயாச்சும் குடு மாமு."

"டூட்டி நேரத்துல வண்டிய வெளிய வுட ஆர்டர் இல்ல. அது இனிமே கம்பெனி மருவாதி."

குமாரவேல் நடந்தான். நிமிர்ந்தே நடந்தான், குனிவதற்குக் கைப்பிடி இல்லை. காசிமேட்டில் கெங்கம்மா மீன் செதிலைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"வண்டி எங்கய்யா?"

"வேலைக்குப் போயிகீது."

"அப்ப நீ?"

"எனுக்கு சொதந்தரம் குட்த்துட்டாங்கமே."