ஜூபல் செதுக்கிய பாறை

"நாளைக்குக் காலைல பாறைக்குக் கிளம்புறோம். வெண்டல்தான் வழி காட்டுவான்," என்று ஆர்வில் பெரியப்பா அறிவித்ததும், வெண்டல் டில்மனுக்கு வாயில் போட்ட உருளைக்கிழங்கு சாலட் தொண்டையில் சிக்கியது.

முப்பத்தாறு வருடமாக, குடும்பம் கூடும் ஒவ்வொரு கோடையிலும் வெண்டல் சொல்லி வந்த கதை இது. முன்னோர் ஜூபல் டில்மன் மாட்டுவண்டியில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனபோது, வழியில் வயோமிங் மாநிலத்தில் ஒரு பாறையில் தன் பெயரைச் செதுக்கினார். அதை வெண்டல் நேரில் போய்த் தொட்டுப் பார்த்தார். முதல் பாதி பெரியப்பா சொன்னது. இரண்டாம் பாதி வெண்டலின் சொந்தச் சரக்கு. பாறையைப் பார்க்கப் போன அன்றைக்குக் கொட்டிய மழையில் அவர் காரை விட்டே இறங்கவில்லை.

இந்த வருடம் பாழாய்ப்போன கூட்டத்தை வயோமிங்கிலேயே வைத்துவிட்டார்கள்.

"அங்க பாம்பு ஜாஸ்தி பெரியப்பா."

"ஹை, பாம்பு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். வராமல் படுத்துக் கிடப்பதாக இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

"செங்குத்தா ஏறணும். உங்க இதயம் தாங்காது."

"எண்பத்தி நாலு வயசாச்சு. அந்தப் பேர ஒரு தடவ தொட்டுட்டா போதும்டா எனக்கு," என்றார் பெரியப்பா. பொய் தெரிந்தால் வெண்டலின் மானம் போவது ஒருபுறம், கிழவரின் மனசு உடைந்துபோகுமே!

மறுநாள் ஆரஞ்சு நிற பனியன் போட்ட நாற்பது டில்மன்கள் பாறையடியில் இறங்கினார்கள். பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பாறையில் ஆயிரம் பெயர்கள். ஜூபல் மட்டும் இல்லை. வியர்த்து விறுவிறுத்துத் தேடிய வெண்டல், கடைசியில் 'ஜே. டி. 1852' என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்தினார்.

"இதோ! மழையில மிச்ச எழுத்து அழிஞ்சு போச்சு!"

"ஜூபல் வந்தது 1849ல மாமா," என்றாள் குடும்ப வரலாறு எழுதும் டார்லீன், நோட்டைப் புரட்டியபடி.

"அது முதல் தடவ. திரும்பிப் போய் மறுபடி வந்தாரு."

"எதுக்குத் திரும்பினாரு?"

"மறந்து விட்டுட்டு வந்தத எடுத்துட்டு வர."

"எத?"

"பொண்டாட்டிய," என்று உளறினார் வெண்டல்.

"அடப்பாவி மனுஷா!" என்று பெண்கள் ஜூபலைத் திட்டினார்கள். டார்லீன் மும்முரமாக எழுதிக்கொண்டாள்.

பெரியப்பா மட்டும் எழுத்துகளை விரலால் தடவித் தடவி அழுதார். வெண்டலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அருகில் குனிந்தார்.

"பெரியப்பா, ஒரு உண்மையச் சொல்லணும்..."

"நான் மொதல்ல சொல்லிடுறேன்டா," என்று வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் பெரியப்பா. "உன் பெரியம்மா வீட்டுல எல்லாரும் அந்தக் காலத்துலயே மாட்டுவண்டியில வந்து குடியேறின பெருமைக்காரப் பரம்பரை. நம்ம ஜூபல் ரயில்ல சொகுசா வந்து செருப்புக்கடை வச்ச ஆளு. பொண்ணு குடுக்க மாட்டாங்களேன்னு இந்தப் பாறைக் கதைய நான்தான் கட்டிவிட்டேன். நீ தொட்டுப் பாத்தேன்னு சொன்னப்பகூட நான் முழுசா நம்பல. அது நெசமாவே நடந்துருக்குன்னு இன்னைக்குத்தான்டா எனக்கே தெரியுது!"